நடை, முதுகுவலி, தடுமாற்றம்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சுற்றுவட்டாரத்து மக்களுக்குப் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன். மாத்திரை, ஊசி பற்றி எதுவும் சொல்லவில்லை. அது டாக்டரின் வேலை.

நான் கோணலா நடக்குறேன்னு வீட்ல சொல்றாங்க மேடம். அதனாலதான் முதுகு வலிக்குதா?

பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. முதுகு வலிப்பதால் நடை கோணலாகிறது. இடுப்பு வலியோடு ஒருவர் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். எட்டு சின்னதாகிவிடும், வேகம் குறையும். வலியில்லாதவருக்கு நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் தோள் எதிர்ப்பக்கம் திரும்பும். வலி உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தே திரும்பும், நடுவில் அசைவே இருக்காது. வலிக்கிற இடத்தை ஆட்டாமல் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது.

ஆகவே, "நிமிர்ந்து நட, காலை நேரா வை" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வருவதால் பயனில்லை. ஒவ்வொரு எட்டையும் யோசித்து வைக்கிறவர் இன்னும் விறைத்துப்போகிறார். நடையைத் திருத்துவதற்கு முன்னால், அதை மாற்றியது எது என்று தேட வேண்டும் என்பதுதான் என் கட்சி. வலியா, தசை பலவீனமா, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதா, தூக்குகிற சுமையா, செருப்பா? அதைச் சரி செய்தால் பல பேருக்கு நடை தானே திரும்பிவிடும்.

வலி போன பிறகும் பழக்கதோஷத்தில் நொண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுக்குத்தான் நடையை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கால்தானே நடக்குது, முதுகுக்கு அதுல என்ன வேலை?

நிறைய. குதிகால் தரையில் படுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி படும் வரை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்றில் ஒரு கால் சுமார் 60 சதவீத நேரம் தரையிலும் 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கும். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் இருப்பது சுமார் 20 சதவீதம் மட்டும். மிச்ச நேரம் முழுக்க நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம்.

அப்படி நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது, பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் தசை. அது பலவீனமானால் இடுப்பு மறுபக்கம் தொங்கும். தொங்காமல் இருக்க, உடம்பு மொத்தமும் ஊன்றிய காலின் பக்கம் சாயும். வாத்து மாதிரி ஆடி ஆடி நடக்கிறார்கள் என்று தெருவில் கிண்டல் செய்வது இதைத்தான். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் கீழ்முதுகு பக்கவாட்டில் வளைந்து நிமிர்கிறது. சாயங்காலம் ஆனால் வலிக்காமல் என்ன செய்யும்? இப்படிப்பட்டவர்களுக்கு முதுகில் கரண்ட் வைப்பதைவிட, பிட்டத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் பலன் தெரியும். இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கைவீச்சுக்கும் வேலை இருக்கிறது. கால்கள் உடம்பை ஒரு பக்கம் திருப்ப, கைகள் எதிர்ப்பக்கம் திருப்பிச் சமன் செய்கின்றன. எனவே செல்போனை மார்புக்கு நேராகப் பிடித்தபடி, கைகளைப் பின்னால் கட்டியபடி நீண்ட தூரம் நடக்க வேண்டாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவருக்கு ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறது, எட்டும் சின்னதாகிக்கொண்டே வருகிறது என்றால் அது பார்க்கின்சன் நோயின் ஆரம்பமாக இருக்கலாம். நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்ணி லாரி வந்தா இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுறேன். எப்பவும் இடது பக்கம்தான். அதனால இருக்குமா?

இதற்கு மட்டும் தயங்காமல் சொல்வேன்: அதுவும் ஒரு காரணம்.

பெரிய பிளாஸ்டிக் குடம் நிறைய தண்ணீர் என்றால் 15 கிலோ வரும். குடத்தின் நடுப்பகுதி முதுகெலும்பிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அது உங்களை இடது பக்கம் இழுக்க, வலது பக்கத்து முதுகுத் தசை எதிர்த்து இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை முதுகெலும்பிலிருந்து நாலு விரல் தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் மூன்றில் ஒரு பங்கு என்பதால் தசை மூன்று மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். 15 கிலோ குடத்துக்குத் தசையின் இழுப்பு 45 கிலோ. இரண்டும் சேர்ந்து முதுகெலும்பை அமுக்குவது 60 கிலோ. இது தோராயக் கணக்கு. உடம்பைக் குடத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டு நடப்பதால் கொஞ்சம் குறையும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இதை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரே கையில் 30 கிலோ தூக்கி நடந்தபோது முதுகெலும்பின் மேல் விழுந்த சுமை, இரண்டு கையிலும் 30, 30 கிலோவாக மொத்தம் 60 கிலோ தூக்கியதைவிட அதிகம். எடை இரு மடங்கு, ஆனாலும் முதுகுக்குச் சுமை குறைவு.

ஆகவே ஒரு குடத்துக்குப் பதிலாகக் கைப்பிடி வைத்த இரண்டு சின்ன கேன்கள். குடம்தான் என்றால், ஒவ்வொரு நடைக்கும் இடுப்பை மாற்றுங்கள். 'வலது பக்கம் குடம் உக்காராது மேடம்' என்பார்கள். முதலில் அரைக்குடத்தோடு பழகினால் உட்காரும். தரையிலிருந்து ஒரே வீச்சில் இடுப்புக்கு ஏற்றும் நொடிதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் குனிவதும் திரும்புவதும் ஒன்றாக நடக்கிறது. முதலில் குடத்தைத் திண்ணையிலோ படியிலோ வையுங்கள். அங்கிருந்து இடுப்புக்கு எடுங்கள். வாரியக் குடியிருப்புகளில் மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்குங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

நான் எழுதித்தர முடியாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. வீட்டு ஆண்பிள்ளைகளும் குடம் தூக்குவது. மூன்று தடிப்பயல்கள் இருக்கிற வீட்டில் ஐம்பது வயது அம்மா தனியாகத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் பயிற்சி கேட்கிறார்.

விடியகாலைல அடிபம்ப் அடிச்சா அன்னைக்கு முழுக்க பிடிச்சுக்குது. பகல்ல அடிச்சா ஒண்ணும் இல்ல. ஏன்?

எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்புகிறது. அதனால்தான் காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறோம். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அதன் மேல் விழும் அழுத்தம் அதிகம். விடிகாலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததை 1998-இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது.

தண்ணீர் வருகிற நேரத்தை நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் எழுந்த உடனே பம்புக்கு ஓடாமல் பத்து நிமிஷம் வீட்டுக்குள் நடந்துவிட்டுப் போகலாம். பம்ப் அடிக்கும்போது ஒரு காலை முன்னே வைத்து, முட்டியை மடக்கி, எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றி அடியுங்கள். இரண்டு காலையும் சேர்த்து நின்றுகொண்டு இடுப்பை மட்டும் மடக்கி அடிப்பதுதான் கெடுதல்.

மீன் கூடையைத் தலையில சுமந்து விக்கிறேன். அது இடுப்புக்குக் கெடுதலா?

சும்மாடு வைத்து நேராகத் தலையில் சுமந்தால் எடை முதுகெலும்பின் மேலேயே இறங்குகிறது, பக்கவாட்டு இழுப்பு இல்லை. கீழ்முதுகுக்கு இடுப்புக் குடத்தைவிடத் தலைச்சுமை மேல். ஆனால் கழுத்து அதற்கான விலையைக் கொடுக்கிறது. கை மரத்துப்போவது, பிடி தளர்வது, கால் பின்னிக்கொள்வது என்று ஏதாவது ஆரம்பித்தால் தலைச்சுமையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். கழுத்துத் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

காசிமேட்டில் பார்த்தவரை வலி கூடையிலிருந்து வருவது குறைவு. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் பிடித்துக்கொள்கிறது. அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற எப்போதும் இன்னொரு கை வேண்டும். அப்புறம், தாழ்ந்த பலகையில் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து மீன் அரிகிறார்கள். பலகையை ஒரு அடி உயர்த்திக்கொண்டு, அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு உட்கார்ந்தால் தெரியும் வித்தியாசம்.

ஐஸ் தண்ணீரும் செதிலும் கிடக்கும் தரையில் நீளமாக எட்டு வைக்காதீர்கள். குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும். சின்ன எட்டு, முழுப்பாதமும் ஒன்றாகத் தரையில், முட்டி லேசாக மடங்கி.

கடல்ல இருந்து திரும்பி வந்தா தரையே ஆடுற மாதிரி இருக்கு. பேலன்ஸ் போயிடுச்சா?

இல்லை. பல நாள் விசைப்படகில் இருந்தவரின் காதும் மூளையும் ஆட்டத்துக்குப் பழகிவிட்டன; தரைக்குத் திரும்பப் பழகுவதற்கு ஓரிரு நாள் பிடிக்கும். காலை அகட்டி நடப்பதும் அந்தப் பழக்கம்தான். வாரக்கணக்கில் போகாமல் இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

மூட்டை தூக்குறவன் நான். 'முட்டியை மடக்கித் தூக்கு'ன்னு எல்லாரும் சொல்றாங்க. அது போதுமா? பெல்ட் போடணுமா?

முட்டியை மடக்குவதைவிட முக்கியம், மூட்டையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வது. ஜெர்மனியில் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1. அதே 20 கிலோவை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்றாலும், தூரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மூட்டையோடு திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடை வாசல்களில் லாரியிலிருந்து பண்டல் இறக்கும் பையன்கள் கால் நகராமல் இடுப்பை மட்டும் திருப்பிப் போடுவார்கள். இருபது வயதில் அது ஓடும், நாற்பதில் ஓடாது.

பெல்ட், வலி கடுமையாக இருக்கிற சில நாளுக்குத் தைரியம் கொடுக்கும். வலி வராமல் தடுக்கும் என்று நம்பி வருஷக்கணக்கில் போடுவதில் அர்த்தமில்லை.

கன்டெய்னர் லாரி ஓட்டுறேன். துறைமுகத்துக்கு வெளியே மணிக்கணக்கா வரிசைல நிக்கிறோம். இறங்கினதும் ரெண்டு நிமிஷம் நிமிரவே முடியல.

எண்ணூர், மணலி சாலை ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வது இது. நீண்ட நேரம் உட்கார்ந்தால் இடுப்பின் முன்பக்கத் தசை குறுகிப்போகிறது, என்ஜினின் அதிர்வு முதுகுத் தசையைக் களைப்படையச் செய்கிறது. கேபினிலிருந்து குதிக்காதீர்கள். வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை, இரண்டு கால் நான்கில் ஏதாவது மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்க இறங்குங்கள். இறங்கியவுடன் எதையும் தூக்காதீர்கள், கயிறு இழுக்காதீர்கள். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் இருந்தால் எடுத்து முன்னால் வையுங்கள்.

மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) மிதிக்கிறவர்களுக்கு ஒரு வரி: சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும்.

எந்த செருப்பு போட்டா முதுகுவலி போகும்?

'இந்தச் செருப்பு போட்டால் முதுகுவலி போகும்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் கெட்ட செருப்பு நடையை மாற்றும். ஹவாய் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு எட்டுக்கும் விரல்களை மடக்கிப் பிடிக்கிறோம், எட்டும் குறுகிவிடுகிறது. கக்கூஸ் போய்வர அது போதும். வேலைக்கு நடந்து போக, பின்னால் வார் வைத்தது வேண்டும்.

ரொம்ப மெத்துமெத்தென்ற செருப்பு வயதானவர்களுக்கு ஆகாது. தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாமல் தடுமாறுவார்கள். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண் வராமல் இருக்க. முதுகுவலிக்கான மருந்தல்ல. குதிகாலின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்த செருப்பை 'இன்னும் வார் அறுக்கலையே' என்று போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒரு கால் கொஞ்சம் குட்டைன்னு சொல்லிட்டாங்க.

ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் ஏராளமானோருக்கு உண்டு, ஒன்றும் செய்யாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் செருப்பில் உயரம் வைப்பதைப் பற்றிப் பேசலாம். பல நேரம் கால் குட்டையாகவே இருக்காது. பிடிப்பில் இடுப்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும், அவ்வளவுதான்.

ஸ்கேன்ல எல்4 எல்5 டிஸ்க் பிதுங்கி இருக்குன்னு வந்திருக்கு. இனிமே நடக்கவே கூடாதா?

இந்தக் கேள்விக்காகவே தனியாக ஒரு பக்கம் எழுதலாம். எல்4, எல்5 என்பவை கீழ்முதுகின் எலும்புகள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது. பிதுக்கம் முடி நரைப்பதோடு வருகிற வகை. உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

நடக்கலாமா? நடக்கத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு பிசியோதெரபிஸ்ட் துணையோடு படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை. இன்னொரு பிரிவுக்கு எதுவும் இல்லை. நடந்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு நடுக்கணக்காக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். செலவு என்ன? ஒரு ஜோடி செருப்பு.

பத்தாயிரம் எட்டு கணக்கெல்லாம் வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் எட்டு எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. இன்று பத்து நிமிஷம் வலி கூடாமல் நடக்க முடிகிறது என்றால் பத்திலிருந்து ஆரம்பியுங்கள். நடக்கும்போது லேசான வலி இருந்து, சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை கூடியே இருந்தால் நேரத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

எங்கே நடப்பது என்பதுதான் நம் ஊரில் உண்மையான சிக்கல். நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் பைக், பைக்குக்கு முன்னால் பள்ளம். ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது, 1949-இல் தி.மு.க. தொடங்கிய இடம். பெரம்பூர்க்காரர்களுக்கு முரசொலி மாறன் பூங்கா. சமமான தரையுள்ள பள்ளி மைதானமோ மொட்டைமாடியோ கிடைத்தாலும் போதும்.

கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் மரத்து, கனத்துப் போகுது. எங்கயாவது உக்காந்தா சரியாகுது.

அறுபது வயதுக்கு மேல் இது வந்தால் தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கலாம். நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் கால்வாய் மேலும் குறுகும், முன்னால் சாய்ந்தால் விரியும். அதனால்தான் இவர்கள் வளைந்து நடக்கிறார்கள். சைக்கிள் ஓட்டினால் வலிப்பதில்லை. இவர்களைப் பிடித்து 'நிமிர்ந்து நட' என்று சொல்வது கொடுமை.

இன்னொரு வகை, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரை, பீடி, சிகரெட் உள்ளவர்களுக்கு வருவது. இவர்கள் உட்கார வேண்டியதில்லை, நின்றாலே கெண்டைக்கால் வலி குறையும். இரண்டுக்கும் போக வேண்டிய டாக்டர் வேறு, எனவே நின்றால் போகிறதா, உட்கார்ந்தால்தான் போகிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்குறாங்க. வயசானா அப்படித்தானா?

அப்படி இல்லை. நாம் விழாமல் நிற்க மூன்று இடத்திலிருந்து செய்தி வர வேண்டும்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு கெட்டால் தடுமாற்றம். உங்கள் அம்மாவுக்கு இருபது வருஷ சர்க்கரையில் பாதம் மரத்திருக்கலாம், கண்ணில் புரையும் இருக்கலாம். பகலில் நன்றாக நடந்துவிட்டு, இரவில் கரண்ட் போனவுடன் விழுகிறார் என்றால், பாதம் சொல்ல வேண்டிய செய்தியைக் கண்தான் இதுவரை ஈடுகட்டி வந்திருக்கிறது. முகம் கழுவக் கண்ணை மூடியவுடன் ஆட்டம் வருகிறதா என்று கேளுங்கள்.

பிபி மாத்திரையையும் பார்க்க வேண்டும். படுத்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால், அதனால் தலை சுற்றி விழலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; அளந்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவும் பாதத்தை மரக்கச் செய்யும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான வேகம் போதும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. இன்னொன்று, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் நிற்பது; 10 விநாடி நிற்க முடிய வேண்டும். பக்கத்தில் கையைப் பிடிக்க ஆள் இருக்கட்டும். நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டுப் பதில் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். நடப்பதற்கே மொத்தக் கவனமும் தேவைப்படுகிறது என்று பொருள்.

பயிற்சி எளிது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக்காலில் நிற்பது, மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. எந்த நாளும் மேடையை முழுவதுமாக விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஒரு விரல் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். பாத்ரூமில் பிடிக்கக் கம்பியும், இரவில் எரிய ஒரு சின்ன பல்பும் பயிற்சியைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

தரையில '8' வரைஞ்சு அதுமேல நடந்தா எல்லா வலியும் போகும்னு சொல்றாங்களே?

எல்லா வலியும் போகாது. ஆனால் திரும்பித் திரும்பி நடப்பது சமநிலைக்கு நல்ல பயிற்சிதான். நேர்நடையில் அது கிடைக்காது. தலை சுற்றுகிறவர்கள் வட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள், இரண்டு திசையிலும் நடங்கள். கூழாங்கல் பதித்த தடத்தில் வெறுங்காலோடு நடப்பதை மட்டும் சர்க்கரை உள்ளவர்கள் தொடவே கூடாது. கல் குத்தியது தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும்.

எனக்கு சின்ன வயசுல போலியோ. தொடையில கையை ஊன்றி நடப்பேன். இப்ப ஐம்பது வயசுல முதுகு தாங்கல.

இயற்கையாகப் பரவும் வைரஸால் (காட்டு வைரஸ்) இந்தியாவில் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில் பதிவானது. 2014-இல் நாடு போலியோ ஒழிந்ததாகச் சான்று பெற்றது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இப்போது நடுவயதைக் கடக்கிறார்கள்.

தொடைத் தசையில் பலமில்லாததால் முட்டி மடங்கிவிடும். மடங்காமல் இருக்கக் கை தொடையை அழுத்துகிறது. சின்ன வயதிலேயே உங்கள் உடம்பு கண்டுபிடித்த புத்திசாலித்தனமான வழி அது, அதை யாரும் 'சரி' செய்ய வேண்டாம். ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் முதுகு குனிந்து நிமிர்வதால் நாற்பது வருஷத்தில் களைத்துவிட்டது. முட்டியை நேராகப் பூட்டும் காலிப்பர் (காலில் கட்டிக்கொள்ளும் தாங்கி) போட்டால் கைக்கும் முதுகுக்கும் விடுதலை. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காலிப்பர் செய்கிறார்கள். சின்ன வயதில் போட்டுப் பிடிக்காமல் மூலையில் எறிந்த கனமான இரும்புக் காலிப்பரை நினைத்துக்கொண்டு தயங்காதீர்கள். இப்போது எடை குறைந்தவை வந்துவிட்டன. கடும் உடற்பயிற்சி வேண்டாம். போலியோ தொட்ட தசையைக் களைக்கக் களைக்க வேலை வாங்கினால் இன்னும் பலமிழக்கும்.

கைத்தடி எந்தக் கையில?

வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில். நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, பிடி அந்த உயரம். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கொருக்குப்பேட்டை ரயில்வே மேம்பாலப் படியிலும் இதே முறைதான்.

காலால பிறந்தவங்க முதுகுல மிதிச்சா பிடிப்பு விடும்னு பாட்டி சொல்லுது.

பிடிப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தானாகவே விடும். நடுவில் மிதித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. தைலம் தேய்ப்பதில், சுடுதண்ணீர் ஒத்தடத்தில் தப்பில்லை. வயதான பெண்களின் முதுகில் மட்டும் யாரும் ஏறக்கூடாது. எலும்பு மெலிந்திருந்தால் நொறுங்கிவிடும்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பிறப்புறுப்பைச் சுற்றி, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனால். சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ. இரண்டு காலும் பலமிழந்தால். இவற்றுக்கு நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டாம், அன்றிரவே ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பாதம் தூக்க முடியாமல் செருப்பு தட்டி நடந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்; முதுகில் நரம்பு அழுந்துவதால் வரலாம். ஒரே நாளில் வாய் கோணி, கால் இழுத்தால் பக்கவாதம், நிமிஷக் கணக்கு.

முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் முதுகெலும்பு காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். நம் பகுதியில் அதை மறக்கக்கூடாது. இருமல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பு டிபிக்கு இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வர முடியலன்னா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பரிசோதனைக்கு வரும்போது எதைக் கொண்டு வரணும்?

இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம். நடப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் செல்போனில் எடுத்த வீடியோ. எங்களுக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் நன்றாகவே நடந்து காட்டுவார்கள், அதனால் தெரியாமல் எடுத்ததாக இருந்தால் நல்லது. ஸ்கேன் இருந்தால் அதுவும். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாலும், தினமும் போட்டுத் தேய்ந்த பழைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.